முந்நூறு வாக்கிய வீட்டுப்பாடம்

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். வகுப்பில் சென்செய் பலகையில் ஒரு வாக்கியம் எழுதி என்னைப் படிக்கச் சொன்னார். (ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை, சென்செய்தான்.) முதல் சொல் ‘வாழ்க்கை’. அடுத்த சொல்லும் தெரிந்ததுதான், முந்தின வாரம் சாப்பாட்டுப் பாடத்தில் வந்திருந்தது. தைரியமாக வாசித்து, அர்த்தத்தையும் சேர்த்தே சொன்னேன்: "வாழ்க்கை காரமானது."

வகுப்பே சிரித்தது. சென்செய் மட்டும் சிரிக்கவில்லை. "அதுவும் சரியான வாசிப்புதான். ஆனா இங்க அது இல்ல" என்றார்.

விஷயம் இதுதான். அந்தச் சொல்லுக்கு இரண்டு வாசிப்பு உண்டு. ‘கராய்’ என்று வாசித்தால் காரம். ‘ட்சுராய்’ என்று வாசித்தால் வேதனை, தாங்க முடியாத கஷ்டம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூட கிடையாது. எது காரம், எது கஷ்டம் என்று பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். (கராய், காரம் என்றதும் உங்களில் சிலருக்கு சுசுமு ஓனோ ஞாபகம் வந்திருக்கும். தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று வாதாடிய மொழியியலாளர். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் இன்றைக்குப் போகவில்லை.)

அன்று ராத்திரி போனில் இருந்த இலவச அகராதியைத் திறந்து இரண்டு சொல்லையும் தேடினேன். ‘கராய்’க்குக் கீழே இருந்த எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எல்லாம் சாப்பாடு. ‘ட்சுராய்’க்குக் கீழே எல்லாம் துக்கம். ஒன்றுகூட மாறிப் போகவில்லை. எழுத்து ஒன்றுதானே, கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது?

பதில் ரொம்ப எளிது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து, "இந்த வாக்கியத்தில் இது கராய், அந்த வாக்கியத்தில் இது ட்சுராய்" என்று குறி போட்டிருக்கிறார். டேக் என்கிறோமே, குறிச்சொல், அதுதான். சம்பளம் கிடையாது, பெயர்கூடப் பல இடத்தில் வெளியே தெரியாது.

யார் இவர்கள்? எதற்கு இதைச் செய்தார்கள்? செய்ய வைத்தது எது? அப்போதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வரிக்கு ஒரு சொல்

கதை 1991-ல் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம், மோனாஷ் பல்கலைக்கழகம். அங்கே ஜிம் பிரீன் என்பவர் ‘எடிக்ட்’ என்ற ஜப்பானிய-ஆங்கில அகராதிக் கோப்பு ஒன்றைத் தொடங்கினார். இணையம் இன்னும் நம் வீடுகளுக்கு வராத காலம். கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது.

அந்தக் கோப்பின் அமைப்பு எவ்வளவு சாதாரணமானது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு வரிக்கு ஒரு சொல். முதலில் சொல், பிறகு அடைப்புக்குறிக்குள் அதன் வாசிப்பு, பிறகு சாய்கோடுகளுக்கு நடுவே ஆங்கில அர்த்தங்கள். அவ்வளவுதான். ஜப்பானிய எழுத்தைக் காட்டக்கூடிய சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் ஒன்று இருந்தால் போதும், யாரும் ஒரு வரி எழுதி அனுப்பலாம். பெரிய மென்பொருள் தெரிந்திருக்க வேண்டாம், மொழியியல் பட்டம் வேண்டாம். ஒரு சொல் தெரிந்தால் ஒரு வரி.

பல நாடுகளில் இருந்து ஆட்கள் வரி அனுப்பினார்கள். 1998-ல் இணையத்திலேயே தேடும்படியான அகராதித் தளத்தை பிரீன் தொடங்கினார். 1999-ல் அதே தரவு இன்னும் விரிவான அமைப்புக்கு மாறி ‘ஜேஎம்டிக்ட்’ ஆனது. 2000-ல் கோப்புகளின் உரிமை தனி நபரிடம் இருந்து, அதற்காகவே மோனாஷில் அமைக்கப்பட்ட ஒரு குழுவின் பெயருக்குப் போனது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். உங்கள் போனில் இலவச ஜப்பானிய அகராதி ஏதாவது இருந்தால், அது ஜேஎம்டிக்டின் பிள்ளையாகவோ பேரனாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சொல்லும் அர்த்தமும் மட்டும் இருந்தால் அகராதி ஆகிவிடாது. இது எந்த வகை வினைச்சொல்? பேச்சு வழக்கா, பழைய வழக்கா? ஒசாகா பக்கத்து வழக்கா? பெரியவர்களிடம் பேசும்போது வரும் மரியாதைச் சொல்லா? மருத்துவமா, சமையலா, சுமோ மல்யுத்தமா, பேஸ்பாலா? இவை எல்லாவற்றுக்கும் ஜேஎம்டிக்டில் தனித்தனிக் குறி உண்டு. ‘வழக்கமாக இதைக் கஞ்சி எழுத்தில் எழுத மாட்டார்கள்’ என்பதற்குக்கூட ஒரு குறி. (கஞ்சி என்றால் சீன எழுத்து. நம்ம கஞ்சி இல்லை.)

படிக்கிறவனுக்கு இந்தக் குறிகள்தான் உயிர். சாமுராய் காலத்துச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் வேலை நேர்காணலில் பேசாமல் நம்மைக் காப்பாற்றுவது அர்த்தம் அல்ல, பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குறி.

தனாகா வாத்தியாரின் வீட்டுப்பாடம்

சொல் ஆயிற்று, குறி ஆயிற்று. எடுத்துக்காட்டு வாக்கியம்? அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும்.

ஹியோகோ பல்கலைக்கழகத்தில் தனாகா யசுஹிதோ என்று ஒரு பேராசிரியர். ஜப்பானிய வாக்கியமும் அதற்கு இணையான ஆங்கில வாக்கியமும் ஜோடி ஜோடியாகப் பெரிய அளவில் வேண்டும் என்று நினைத்தார். மாணவர்கள் இருக்கிறார்களே! ஆளுக்கு 300 ஜோடி வாக்கியம் சேர்த்துக்கொண்டு வாங்க என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு வருஷம் இல்லை, பல வருஷம். கடைசியில் சேர்ந்தவை 2,12,000 ஜோடிகள். 2001-ல் ஒரு கருத்தரங்கில் இதை விவரித்தார். தொகுப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார்.

எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி மலைப்பு. பாதிக்கதை நமக்கே தெரியும். 300 வாக்கியம் கொண்டுவா என்றால் நாம் என்ன செய்திருப்போம்? கையில் கிடைத்த புத்தகத்தைப் பிரித்து எழுதியிருப்போம். அப்படித்தான் நடந்திருக்கிறது. நிறைய வாக்கியங்கள் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இருந்து வந்தவை போலத் தெரிகின்றன. சில பாட்டு வரிகள், சில பைபிள் வரிகள். ஒரே வாக்கியத்தைப் பலர் கொண்டுவந்திருந்தார்கள். தட்டச்சுப் பிழைகள் ஏராளம். சில ஜோடிகளில் ஜப்பானிய வாக்கியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுப்பாடம் என்பது ஒப்படைத்ததும் முடிந்துபோகிற விஷயம். 300 எண்ணி முடித்தவுடன் அந்த வாக்கியங்களுக்கும் எழுதியவனுக்கும் உறவு அறுந்துவிடுகிறது. 150-வது வாக்கியத்தில் ஒரு எழுத்து தப்பு என்றால், அது பிற்பாடு யாரோ ஒருவருக்கு வலிக்கும் என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் 2,12,000 என்ற குவியலே இல்லை. யாராவது ஆர்வமாக வந்து எழுதுவார்கள் என்று தனாகா காத்திருந்தால், சில நூறு நல்ல வாக்கியங்கள் கிடைத்திருக்கலாம். பிழையும் குப்பையுமாக ஒரு மலை இருந்ததால்தான், அதைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். வெறும் தரையைக் காட்டி வீடு கட்ட வாங்க என்றால் யாரும் வர மாட்டார்கள். ஒழுகுகிற கூரையைக் காட்டினால் ஏணியோடு ஒருத்தராவது வருவார்.

2003-ன் தொடக்கத்தில் தனாகா இறந்துபோனார். அவருடைய தொகுப்புக்கு இன்றைக்கு இருக்கும் உருவத்தை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது வரி

தனாகாவின் தொகுப்பை பிரீன் தன் அகராதித் தளத்தோடு இணைத்தார். இணைப்பது என்றால் எப்படி? ஒவ்வொரு வாக்கியத்திலும் என்னென்ன அகராதிச் சொற்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எல்லாம் ஒட்டித்தான் இருக்கும். எனவே முதலில் வாக்கியங்களை ‘சாசென்’ என்ற மென்பொருளுக்குள் விட்டு வெட்டினார்கள். சாசென் நாரா பகுதியில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. தேநீர்ப் பொடியைக் கிண்ணத்தில் நுரைக்க அடிக்கும் மூங்கில் மத்துக்குத்தான் ஜப்பானிய மொழியில் சாசென் என்று பெயர். அந்தக் கழகம் இருக்கும் தகாயாமா ஊர் அந்த மத்துக்குப் பேர்போனது. நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள், கட்டியைக் கரைக்கிற வேலைதானே இதுவும்.

கரைத்த பிறகு கோப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வரிகள் வந்தன. ஏ வரியில் வாக்கியமும் மொழிபெயர்ப்பும். பி வரியில் குறிகள். பி வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான்.

பி வரியில் வாக்கியத்தில் உள்ள சொற்கள் அகராதி வடிவத்தில் வரிசையாக இருக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு வாசிப்பு இருந்தால், வளைந்த அடைப்புக்குள் எந்த வாசிப்பு என்று போடணும். ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருந்தால், சதுர அடைப்புக்குள் அகராதியில் எத்தனையாவது அர்த்தம் என்று எண் போடணும். வாக்கியத்தில் அந்தச் சொல் எந்த வடிவத்தில் திரிந்து வருகிறதோ அது நெளிந்த அடைப்புக்குள். கடைசியாக ஒரு சின்ன அலைக்கோடு. அந்த அலைக்கோடு இருந்தால், "இதை ஒரு மனிதர் பார்த்திருக்கிறார், இந்தச் சொல்லுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு" என்று அர்த்தம்.

மென்பொருள் எங்கே தடுமாறும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரே மாதிரி எழுதும் ஒரு வினைச்சொல்லை ‘இத்தா’ என்று வாசித்தால் ‘போனான்’. ‘ஒகொனத்தா’ என்று வாசித்தால் ‘நடத்தினான்’. கடைக்குப் போனானா, கூட்டம் நடத்தினானா? நமக்கு ஒரு நொடியில் தெரியும். மென்பொருள் அடிக்கடி தப்பாகப் போடும். தமிழிலும் இதே கதைதான். "படி" என்று தனியாக எழுதினால் அது புத்தகத்தைப் படிப்பதா, மாடிப்படியா, அரிசி அளக்கிற படியா? "சொன்னபடி" என்பதில் வருகிற படியா?

இன்னும் பெரிய தலைவலி ‘ககேரு’ என்ற வினைச்சொல். சட்டையை மாட்டுவது ககேரு. போன் போடுவது ககேரு. கண்ணாடி அணிவது, பூட்டுப் போடுவது, சோற்றின் மேல் குழம்பு ஊற்றுவது, நேரம் செலவழிப்பது, நாற்காலியில் உட்காருவது, பெருக்கல் கணக்குப் போடுவது, எல்லாம் ககேரு. அகராதியில் இருபதுக்கும் மேற்பட்ட அர்த்தம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எது என்று எண் போடணும். யார் போடுவது?

போட ஆட்கள் வந்தார்கள். கூட்டமாக அல்ல, ஒருவர் இருவராக. முதலில் நகல்களை நீக்கினார்கள். 2,12,000 சுமார் 1,80,000 ஆனது. எழுத்து முறையில் மட்டும் மாறுபட்ட, ஏறக்குறைய ஒரே மாதிரியான வாக்கியங்களையும் கழித்த பிறகு சுமார் 1,50,000. அதாவது தொகுப்பு சுருங்கச் சுருங்க நல்லதானது. தன்னார்வலர் வேலை என்றால் நாம் எப்போதும் ‘இத்தனை லட்சம் சேர்த்தோம்’ என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே அறுபதாயிரம் வாக்கியங்களைத் தூக்கிப் போட்டதுதான் சாதனை.

அநாதை வாக்கியங்கள்

2006-ல் ட்ராங் ஹோ என்பவர் ‘ததோஎபா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் ததோஎபா என்றால் ‘உதாரணமாக’. பல மொழிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள், ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாகக் கோத்து வைத்தவை. இன்று அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாக்கியங்கள், நானூறுக்கும் மேற்பட்ட மொழிகள். தமிழும் இருக்கிறது, சின்ன அளவில். தனாகாவின் தொகுப்பும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இப்போது பராமரிப்பு எல்லாம் அங்கேதான்.

அங்கே ஒரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எழுதியவர் பெயர் வாக்கியத்தோடேயே இருக்கும். தப்பு என்று யாராவது கருத்து எழுதினால், சொந்தக்காரர்தான் திருத்தணும். குறிப்பிட்ட காலம் வரை அவர் பதில் சொல்லாவிட்டால் பராமரிப்பாளர்கள் திருத்துவார்கள். சரி, தனாகாவின் மாணவர்கள் எழுதியவற்றுக்கு யார் சொந்தக்காரர்? யாருமில்லை. அவை அநாதை வாக்கியங்கள். அதனால் ‘தத்தெடு’ என்று ஒரு வழி வைத்தார்கள். அந்த மொழி தாய்மொழியாக இருக்கிற ஒருவர் ஒரு அநாதை வாக்கியத்தைப் படித்து, வேண்டிய திருத்தம் செய்து, ‘இது இனி என் பொறுப்பு’ என்று ஏற்றுக்கொள்ளலாம்.

எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய வித்தியாசம்! "லட்சம் வாக்கியத்தில் பிழை இருக்கிறது, உதவி செய்யுங்கள்" என்றால் எவனும் ஓடிப்போவான். "இந்த ஒரு வாக்கியத்துக்கு ஆளில்லை, நீ எடுத்துக்கிறியா?" என்றால் கை தானாக நீள்கிறது.

குறிச்சொல் விஷயத்தில் மட்டும் ததோஎபா கொஞ்சம் கறார். வாக்கியம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், கருத்து சொல்லலாம், தனக்கென்று பட்டியல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ‘சரிபார்க்கணும்’, ‘மாற்றணும்’, ‘தாய்மொழிக்காரர் பார்க்கணும்’ போன்ற குறிகளைப் போட, கொஞ்ச காலம் ஒழுங்காகப் பங்களித்து அடுத்த படிக்கு ஏறியிருக்க வேண்டும். காரணம் புரிகிறது. தப்பான வாக்கியம் ஒருத்தருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கும். தப்பான குறியோ, ‘இது சரிபார்த்தது’ என்று முத்திரையும் குத்திச் சொல்லிக்கொடுக்கும்.

1879-ல் ஒரு அழைப்பு

இதெல்லாம் இணையம் கண்டுபிடித்தது இல்லை. 1879-ல் லண்டனுக்குப் பக்கத்தில் மில் ஹில் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மரே, பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி என்று பெயர் பெற்ற வேலைக்குத் தலைமை ஏற்றார். உடனே ஒரு பொது அழைப்பு அச்சிட்டு அனுப்பினார். புத்தகங்களைப் படியுங்கள், சொல் வரும் இடத்தை மேற்கோளோடு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. மூன்று வருஷத்துக்கு ஆயிரம் வாசகர்கள் தேவை என்று கணக்கும் சொன்னார். தன்னார்வலர்களின் சீட்டுகள் வந்து குவிந்தன. அகராதி முழுசாக முடிந்தது 1928-ல், மரே இறந்து 13 வருஷம் கழித்து.

மரே வருவதற்கு முன்பே இருபது வருஷமாக ஆட்கள் சீட்டு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சீட்டுகள் சாக்கு மூட்டைகளில் அவரிடம் வந்து சேர்ந்தன. ஒரு மூட்டையில் எலி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பிரச்னை வேறு. ஆட்களிடம் அபூர்வமான சொற்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அனுப்பினார்கள். விளைவு? யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய சொல்லுக்கு ஐம்பது சீட்டு. அதே வேரில் இருந்து வந்த, தினமும் எல்லோரும் பயன்படுத்தும் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று மரே புலம்பினார். பிறகு தன் அழைப்பில், சாதாரணச் சொற்களையும் எழுதுங்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டி வந்தது.

தன்னார்வலர் எதில் ஆர்வமோ அதைத்தான் செய்வார். எது தேவையோ அதை அல்ல. இது 1879-க்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ததோஎபாவில் ஆங்கில வாக்கியங்களைத் தேடிப் பாருங்கள், எங்கு பார்த்தாலும் டாம் என்று ஒருத்தர் வருவார். டாம் சாப்பிட்டார், டாம் தூங்கினார், டாமுக்கு பிரெஞ்சு தெரியாது. ஒரே பெயரை எல்லோரும் பயன்படுத்தினால், பெயர் மட்டும் மாறும் நகல்கள் குவியாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் ஒரு சிலர் மட்டும் ராப்பகலாக எழுதும்போது, அந்தச் சிலருடைய பழக்கம் லட்சக்கணக்கான பேர் படிக்கும் மொழியின் முகமாகிவிடுகிறது.

அப்படியானால் எப்படிக் கூப்பிடுவது?

இந்தக் கதைகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியவை.

ஒன்று, வேலையை ஒரு வாய்ச் சோற்றின் அளவுக்குப் பிசைந்து கொடுக்கணும். ஒரு வரிக்கு ஒரு சொல். ஒரு அநாதை வாக்கியம். ஒரு அலைக்கோடு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் முடிகிற மாதிரி.

இரண்டு, பிழையைப் பார்க்கிற இடத்திலேயே திருத்தும் கதவு இருக்கணும். பிரீனின் தளத்தில் ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் திருத்த ஒரு சுட்டி உண்டு. கணக்குத் தொடங்காமலே திருத்தம் அனுப்பலாம். அனுப்பும்போது ஆதாரம் எழுத ஒரு பெட்டி இருக்கும். ஆசிரியர் குழு பார்த்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள், அந்த உரையாடல் பதிவின் வரலாற்றில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கும். கதவும் திறந்திருக்கு, வாசலில் காவலும் இருக்கு. இரண்டும் வேணும்.

மூன்று, என்ன தேவை என்று சொல்லணும். ‘உதவி செய்யுங்கள்’ போதாது. மரே பட்ட பாடு அதுதான். ‘ககேருவின் பன்னிரண்டாவது அர்த்தத்துக்கு வாக்கியம் இல்லை’ என்று சொன்னால் அது அழைப்பு.

நான்கு, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொடுத்தது கொடுத்த இடத்திலேயே எல்லோருக்கும் இருக்கும் என்ற உத்தரவாதம். இங்கே ஒரு கசப்பான கதை உண்டு. 1990-களில் இசைத்தட்டை கம்ப்யூட்டரில் போட்டால் பாடல் பெயர்கள் தானாக வருமே, அந்த ‘சிடிடிபி’ தரவுத்தளத்தை நிரப்பியவர்கள் சாதாரணப் பயனர்கள். ஒவ்வொரு பாட்டின் பெயரையும் இலவசமாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். 1998-ல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, உரிமம் வாங்கினால்தான் பயன்படுத்தலாம் என்றானது. தாங்கள் தட்டச்சு செய்ததற்கே அனுமதி கேட்கணுமா என்று கோபப்பட்டவர்கள் ஃப்ரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் என்று மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்கள். ஜேஎம்டிக்டும் ததோஎபாவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. முழுத் தொகுப்பையும் யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நாளைக்கே அந்தத் தளங்கள் மூடினாலும் அலைக்கோடு சாகாது. ஆர்வம் என்பதற்குக் கீழே இந்த நம்பிக்கை இல்லாவிட்டால், இரண்டாவது தடவை யாரும் வர மாட்டார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும், பி வரியில் அர்த்த எண் போடும் வேலை முழுசாக முடியவில்லை. சதுர அடைப்பு இல்லாத சொற்கள் இன்னமும் நிறைய இருக்கின்றன. அது அலுப்பான வேலை, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய வேலை, செய்து முடித்தாலும் யார் கண்ணிலும் படாத வேலை. உற்சாகப்படுத்துவதால் மட்டும் இதற்கு ஆள் கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. சில வேலைகளுக்கு தனாகா வாத்தியார் மாதிரி யாராவது வீட்டுப்பாடம் கொடுக்கத்தான் வேண்டும் போல. என்ன, இந்த முறை எழுதியவன் பெயரையும் வாக்கியத்தோடு சேர்த்து வைக்கணும்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அகராதியில் ஒரு சொல்லுக்கு ‘பேச்சு வழக்கு’ என்ற குறி இல்லாததைப் பார்த்தேன். ஆதாரத்துக்கு இரண்டு அகராதிகளைப் பார்த்து, பெட்டியில் எழுதி அனுப்பினேன். சில நாள் கழித்துப் பார்த்தால் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு குறி. அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் போனை நீட்டிக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா மட்டும், "நல்லதுதானே பண்ணியிருக்க?" என்று கேட்டுவிட்டு சாப்பிடக் கூப்பிட்டார்.

எங்கேயோ ஒரு வகுப்பில் யாரோ ஒரு மாணவன் அந்தச் சொல்லைத் தப்பான இடத்தில் சொல்லிச் சிரிப்பு வாங்காமல் தப்பிக்கலாம். ‘ட்சுராய்’க்குக் கீழே அந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தியவருக்கு நான் செய்த கைம்மாறு அவ்வளவுதான்.